பின்சுவரை அளந்த பாடம்

இலவசமாக எந்தப் பொருள் வந்தாலும் அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பது என் பழக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்று ஆறு டெப் வந்தபோதும் அதைத்தான் செய்தேன். கையகலக் கணினிதான், இங்கே எல்லோரும் டெப் என்றே சொல்வார்கள். அடியில் ஓர் ஒட்டுத்தாள் இருந்தது. முன்பக்கம் ஒரு கெமரா, பின்பக்கம் ஒரு கெமரா. பிள்ளைகள் படிப்பதற்கு இரண்டு கெமரா எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் பொதுவாக எதையும் கேட்பதில்லை. நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவேன்.

பகலில் நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். என் படிப்பு பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையோடு சரி. ஒரு திட்டத்துக்காரர்கள் வந்து, மாலையில் பொது மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான வகுப்பு நடத்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். என்னைவிட அதிகம் படித்த பெண்கள் எல்லோரும் கொழும்புக் கடைகளிலும் ஹட்டன் பள்ளிக்கூடங்களிலும் இருந்தார்கள். மிச்சம் இருந்தது நான்தான். நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். தெரிந்தும் என்னைக் காட்டினார்கள். அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

பயிற்சி ஹட்டனில் நடந்தது. அந்தத் திட்டத்தின் அதிகாரி ஓர் இளைஞர், பளிச்சென்ற சட்டை, எதற்கும் சிரிக்கும் முகம். ஒரு பாடத்தை எப்படி அமைப்பது என்று சொல்லித் தந்தார். முதலில் ஒரு கேள்வி வேண்டும். பிள்ளைகள் விடையை ஊகிக்க வேண்டும். பிறகு டெப்பை வைத்து அளக்கவோ படம் எடுக்கவோ வேண்டும். கடைசியில் அவர்களே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

"நீங்க பேசவே கூடாது அக்கா. புள்ளைங்கதான் பேசணும்" என்றார்.

பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தரும் வேலை இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

என் முதல் பாடம் ஒரு மழைத்துளி. மண்டபத்துத் தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீரை டெப்பில் படம் எடுத்து, மெதுவாக ஓடவிட்டேன். துளி கீழே விழுந்து, பரந்து, சுற்றிலும் முளைவிட்டு, நடுவிலிருந்து ஒரு குட்டித் துளி மேலே குதித்தது. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள்.

"டீச்சர், தண்ணிக்குக் கிரீடம் வச்சிருக்கு!"

"கிரீடம் இல்லடா, ஒன் பல்லு மாதிரி இருக்கு. அங்கங்க ஓட்ட."

மேல் லயத்து வரிசைவீட்டுச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "விழுந்தது ஏன் டீச்சர் திரும்ப மேல வருது? அதுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். மறுநாள் அவள்தான் முதலில் வந்து நின்றாள். இப்படிக் கேட்கிற பிள்ளை ஒன்று இருந்தால் வகுப்புக்கு அதுவே போதும். அவளுக்காகவே நான் பாடங்களை யோசிக்கத் தொடங்கினேன்.

அப்படி யோசித்ததுதான் ஈரப் பாடம். எங்கள் லயங்கள் மலைச்சரிவை வெட்டிக் கட்டியவை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மண்மேடு. மழைக்காலத்தில் உடுப்புக் காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். ஆனால் அடுப்புப் பக்கத்தில் தொங்கும் துணி மட்டும் காய்ந்திருக்கும். ஏன்? இதைவிட நல்ல கேள்வி பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்? டெப்போடு வந்த பொருள்களில், காற்றில் எவ்வளவு ஈரம் என்று நூற்றுக்குக் கணக்குச் சொல்லும் சின்ன மானிகள் இரண்டு இருந்தன. பிள்ளைகள் முறைவைத்து ஒரு மானியையும் ஒரு டெப்பையும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வாசலில், அடுப்பருகில், பின்சுவரருகில் என்று மூன்று இடங்களில் மானியை வைத்து, அது காட்டும் எண்ணைச் சுவரோடு சேர்த்துப் படம் எடுத்து வருவார்கள். நாங்கள் அதை மண்டபத்துச் சுவரில் ஒரு பெரிய தாளில் குறிப்போம்.

முதலில் போன வீடுகளில் எல்லாம் ஊகித்தபடியே வந்தது. அடுப்பருகில் குறைவு, பின்சுவரில் கூடுதல். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு காரணம் சொன்னார்கள். எனக்குள் ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எண்கள் ஏறத் தொடங்கின. எல்லா வீட்டிலும் பின்சுவர் தொண்ணூற்றைந்துக்கு மேல். பிறகு வாசலும் ஏறியது. மழையோ குறைந்துகொண்டு வந்தது. மானி கெட்டுவிட்டதோ என்று என் வீட்டில் வைத்துப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் காட்டியது. பிள்ளைகள் விளையாடுகிறார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்புறம் அந்தச் சிறுமியின் முறை வந்தது. அவள் கொண்டுவந்த படத்தில் அடுப்பருகில் தொண்ணூற்றெட்டு.

"அடுப்பு எரியலையா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சிச்சு டீச்சர்." அவ்வளவுதான் சொன்னாள். எப்போதும் கேள்வி கேட்கிறவள், அன்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் போன பிறகு படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். அடுப்புப் படத்தின் ஓரத்தில் தண்ணீர் கொதிக்கும் ஒரு கேத்தலின் மூக்கு தெரிந்தது, ஆவி மானியின் மேலேயே போய்க்கொண்டிருந்தது. பின்சுவர்ப் படத்தில் சுவர் பளபளத்தது. ஆனால் ஆள் உயரத்துக்குத்தான். அதற்கு மேலே பட்டையாகக் காய்ந்த சுண்ணாம்பு. மண்ணிலிருந்து ஊறும் ஈரம் கீழிருந்து ஏறும், ஓரம் மங்கலாக இருக்கும். இது வாளியிலிருந்து வீசிய தண்ணீர். மற்ற வீடுகளின் படங்களையும் விரித்துப் பார்த்தேன். பாதி வீடுகளில் அதே பளபளப்பு. லயமே சேர்ந்து எனக்கு எதையோ காட்டுகிறது, எதை என்றுதான் தெரியவில்லை.

அது பீலிக்கரையில் தெரிந்தது. மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் இடத்தைத்தான் பீலி என்போம். பிள்ளைக் காம்பராத் துணிகளை அலசப் போயிருந்தேன். தகர மறைப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. டெப்பத் தொறந்தா ஊரே உள்ள போயிருது."

"பேசாதவங்களத்தானடி லிஸ்ட் எடுக்க அனுப்புவாங்க. ஒன்னய மாதிரி ஆள அனுப்பினா றொசல்ல ஸ்டேசன் வரைக்கும் சேதி போயிருமே."

"யாரு யாரு வூட்டுல ஈரம் கூடவோ அவங்களுக்குத்தான் மொதல்ல வூடாம். நான் என் சுவத்துக்கு ரெண்டு வாளி ஊத்துனேன்."

"ரெண்டா? அதுல மீனு வளத்திருக்கலாமே."

சிரிப்பு தகரத்தில் பட்டு என் பக்கம் வந்தது. துணியைப் பிழியாமலே வாளியில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் மீது பிழை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சுவரை அளக்க வந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் பற்றித்தான் வந்திருக்கிறார்கள். மண் சரிந்த வருடம் வந்து சுவரில் அடையாளம் போட்டுப் போனார்கள். தேர்தலுக்கு முன் வந்து வெடிப்புகளைப் படம் எடுத்துப் போனார்கள். ஏழு பேர்ச் அளவு காணியும் தனி வீடும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அளவுநாடாவோடு வருவார். பாடம் படிப்பதற்காக ஒருவர் சுவரை அளப்பார் என்று யார் நம்புவது? தினமும் காலையில் குழந்தையை நம்பி என் கையில் தருகிற அதே பெண்கள், மாலையில் என் கையிலிருந்த டெப்பை நம்பவில்லை.

எனக்கே அது என்ன என்று முழுதாகத் தெரியாததுதான் சங்கடம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் எண்களையும் படங்களையும் 'அனுப்பு' என்ற பொத்தானை அமுத்தி மேலே அனுப்ப வேண்டும் என்பது அதிகாரியின் கட்டளை. மேலே என்றால் எங்கே? தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சார், இந்த ரீடிங் எல்லாம் யாருக்குப் போவுது?"

"அறிக்கைக்கு அக்கா. மேல உள்ளவங்க பார்ப்பாங்க."

"வீட்டு விசயத்துக்கா?"

அவர் சிரித்தார். "நீங்க பாடத்த மட்டும் பாருங்க அக்கா."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஈரப் பாடத்தின் படங்களை நான் அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அந்தச் சிறுமியின் தாய், தன் சின்னவனைத் தூக்கிப்போகப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த கோடு நெற்றியில் அப்படியே இருந்தது. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நம்ம சுவரு எப்பிடி? மொதல்ல வருமா?"

"அது லிஸ்ட் இல்லம்மா. புள்ளைங்களுக்குப் பாடம்" என்றேன்.

அவள் என்னை இரக்கமாகப் பார்த்தாள். "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாக்கும். சரிக்கா, கேக்கல. ஆனா ஒன்னு மட்டும் மனசுல வச்சிக்கங்க. சின்னவனப் பாத்துக்க வூட்டுல ஆளு இல்ல. மூத்தவதான் பாக்கணும். வெறகுக்குக்கூடப் போவாம நான் அவனத் தூக்கிட்டுத் திரியிறேன், இவ ஒங்க வகுப்புக்கு வரணும்னுதான். நம்ம வூட்டயும் கணக்குல சேர்க்கட்டும்னுதான்."

எனக்கு விளங்கிவிட்டது. பட்டியல் இல்லை என்று அவள் நம்பும் நாளில் மகள் வகுப்பிலிருந்து நின்றுவிடுவாள். நம்பாத வரைக்கும் வருவாள். ஆனால் பொய்யான சுவரை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை கேள்வி கேட்க மாட்டாள், செருப்பைத்தான் பார்ப்பாள். வந்தும் வராத மாதிரிதான். வாயால் சொன்னால் எடுபடவில்லை, ஆகவே காட்டித்தான் ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

தாய்மாரை மண்டபத்துக்கு அழைத்தேன். பெற்றார் வந்தால் படம் எடுக்கலாம் என்று அதிகாரியும் வந்து சேர்ந்தார். மழையில்லாத, காற்றடிக்கும் பின்னேரம். பாடத்தை நான் மாற்றி அமைத்திருந்தேன். ஒரு தடவை மட்டும் எண்ணைப் பார்த்து எழுதியதுதான் என் பாடத்தின் ஓட்டை. டெப் நினைத்தால் நேரம் முழுக்க மானியைப் பார்த்துக்கொண்டே இருந்து கோடு கீறும். ஒரு மானியை மண்டபத்து முன்சுவரில் வைத்து, அதன் பக்கத்துச் சுவரில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்ற ஒரு பையனைச் சொன்னேன். இன்னொன்றைப் பின்பக்கச் சாமான் அறையில், மண்மேட்டை ஒட்டிய மூலையில் வைத்தேன். அங்கே யாரும் ஒரு துளியும் ஊற்றவில்லை.

முன்சுவரின் கோடு விர்ரென்று ஏறியது. பிள்ளைகள் கத்தினார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று வாசல் வழியாக வந்துபோனது. கோடு மெல்ல இறங்கத் தொடங்கியது. தேநீர் குடித்து முடிவதற்குள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மூலையின் கோடு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உயரத்திலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"ஊத்துன தண்ணி போயிருது" என்றான் தண்ணீர் ஊற்றிய பையன். "ஊறுற தண்ணி போவாது."

தாய்மார் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். யாருடைய வீட்டையும் நான் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

சிறுமியின் தாய் எழுந்தாள். "சார், நேரா கேக்கிறேன். இது வூட்டுக்கா, இல்லயா?"

"இல்லம்மா, இது படிப்புக்கு மட்டும்தான்" என்றார் அதிகாரி.

"படிப்புக்குன்னா எங்க சுவத்துப் படம் எதுக்கு மேல போவுது?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். எல்லோருடைய கண்ணும் எங்கள் மேல் இருந்தது. ஆனாலும் கேட்டேன். "யாருக்கு சார் போவுது? அத மட்டும் சொல்லிருங்க."

அவருடைய சிரிப்புக் குறைந்தது. டெப் வாங்கப் பணம் தந்தவர்களுக்கு அவை பயன்படுவதைக் காட்ட வேண்டுமாம். அதற்கு ஒரு புத்தகம் அச்சடிக்கிறார்களாம். லயத்து வீடுகளின் படம் அதில் இருந்தால் நன்றாக இருக்குமாம்.

"எங்க குசினி அடுப்பயா?" என்றாள் அவள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அடுத்த வகுப்புக்குச் சிறுமி வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. எதிரொலி பற்றிப் பாடம் வைத்திருந்தேன். பிள்ளைகள் மலையைப் பார்த்துக் கத்தினார்கள், டெப்பில் சத்தத்தின் கோடு துள்ளியது. ஏன் திரும்பி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் டெப்பையும் மானியையும் சேலைக்குள் சுற்றிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன். தாய் இஸ்தோப்புத் திண்ணையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை. கதவடியில் சிறுமி தம்பியை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"படம் ஒன்னும் போவல" என்றேன். "நான் அனுப்பவே இல்ல. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. நீங்களே அழிச்சிருங்க."

"அழிச்சா போயிருமா? அவங்ககிட்ட இன்னொன்னு இருக்காதா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. எனக்குத் தெரியாம இருந்தா எனக்குத் தெரியாது."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது போலிருந்தது. கோடரியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எப்படி என்று காட்டினேன். தன் சுவரின் படத்தை அவளே அமுத்தி அழித்தாள். அடுப்பு, வாசல், எல்லாம் போனது. அது போய்விட்டதா என்று முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். டெப்பைக் கவிழ்த்தும் பார்த்தாள்.

"சரி, ஊத்தாம வச்சா எவ்வளவு காட்டும்?" என்றாள் திடீரென்று.

"வச்சாத்தான் தெரியும்."

"படம் இல்லாம?"

"கோடு மட்டும்."

மானியைச் சிறுமியே கொண்டுபோய்ப் பின்சுவரருகில் வைத்தாள். எங்கே வைப்பது, அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே கேத்தலைத் தூக்கி மறுபக்கம் வைத்தாள்.

மறுநாள் மாலை மூன்று பேரும் மண்டபத்துக்கு வந்தார்கள். தாய் முன்னால், சின்னவன் இடுப்பில், சிறுமி பின்னால் டெப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி. பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இரவு முழுக்க ஓடிய கோடு. சாமான் அறை மூலையின் கோட்டைவிட உயரத்தில், ஒரு மேடு பள்ளம் இல்லாமல் போயிருந்தது.

தாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஊத்தியிருக்கவே வேணாம் போல இருக்கே" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள்.

பிறகு, "விடிய விடிய அடுப்பு கொஞ்சம் எரிஞ்சிச்சே டீச்சர். அப்பக்கூட ஏன் எறங்கல?" என்று சிறுமி கேட்டாள். பெஞ்சில் ஒரே சத்தம். மண்மேடு என்றான் ஒருவன், கூரை என்றாள் ஒருத்தி, நாங்கள் மூச்சு விடுவதுதான் என்றான் இன்னொருவன். நான் வழக்கம்போலப் பேசாமல் இருந்தேன்.

அந்தக் கோட்டால் வீடு கிடைக்குமா என்று என்னிடம் அவள் கேட்கவில்லை. தோட்டத்து அலுவலகத்தில் காட்டலாமா என்று மட்டும் கேட்டாள். காட்டலாம், பார்ப்பார்களா என்று தெரியாது என்றேன். காட்டினாள். பார்த்துவிட்டுச் சரி என்றார்களாம். சரி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆனால் மகளை நிறுத்தவில்லை. ஒரு நிபந்தனை வைத்தாள். வகுப்பு நாளில் அவளும் சின்னவனோடு வந்து பின் பெஞ்சில் உட்காருவாள். நாங்கள் என்ன எடுக்கிறோம், என்ன அனுப்புகிறோம் என்று பார்ப்பாள். நான் சரி என்றேன். நாலு பேர் பார்த்தாலே தொண்டை அடைக்கும் எனக்கு, சந்தேகத்தோடு பார்க்கும் ஒருத்தி பின்னால் இருப்பது ஏனோ அவ்வளவு கஷ்டமாக இல்லை.

போன வாரம் அதிகாரி வந்தார். எதிரொலிப் பாடத்தை இன்னும் அனுப்பவில்லை, அனுப்பாவிட்டால் டெப்பை வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். சொல்லிக்கொண்டே விரலை 'அனுப்பு' பொத்தான் பக்கம் கொண்டுபோனார். சிறுமி திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"சார், யாருக்கு?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின் பெஞ்சிலிருந்து தாய் சொன்னாள்: "புள்ள கேக்குதில்ல சார், சொல்லுங்க. நாங்க ஒக்காந்துதான் இருக்கோம்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சொல்லத் தொடங்கினார். சிறுமி கையை எடுக்கவில்லை.